இலட்சிய புருஷரும் தண்ணீர்ப் பந்தலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"இளைஞரும் இலட்சிய புருஷரும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அண்ணன் எனக்குக் கட்டளையிட்டார். இத்தகைய தலைப்புக்கு மகாத்மா காந்தியடிகளிலிருந்து தொடங்குவதே மேடை வழக்கம். நானோ ஒரு கார்ட்டூன் படத்திலிருந்து தொடங்கப் போகின்றேன். பெரியோர்கள் முகஞ் சுளிக்காது சிறிது நேரம் பொறுத்தருள வேண்டும். சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் இறுதியில் நமது நாவிதன்வெளிக்கே திரும்பி வருவேன் என்று உறுதி கூறுகின்றேன்.

பல்கலைக்கழக விடுதியிலே, பரீட்சை முடிந்த ஓர் இரவு, நண்பன் ஒருவன் தன் மடிக்கணினியில் ஒரு படம் போட்டுக் காட்டினான். "ஆர்ச்சர்" என்பது அதன் பெயர். அமெரிக்காவிலே 2009ஆம் ஆண்டு தொடங்கி 2023ஆம் ஆண்டு வரை தொடராக வெளிவந்த சித்திரப் படம் அது. உளவாளிகளைப் பற்றிய கதை. ஆனால் உளவாளிகளைக் கேலி செய்யும் கதை. சித்திரப் படம் என்றவுடன் சிறுவர்க்குரியது என்று எண்ணிவிட வேண்டாம். அதிலே பேச்சும் நடத்தையும் அவ்வளவு செம்மையானவை அல்ல. தம்பிமார் வீட்டுக்குப் போய் அப்பா அம்மா முன்னிலையிலே அதைப் போட்டுவிட்டு, "மன்றத்திலே அந்த அண்ணன்தான் சொன்னவர்" என்று என்னைக் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

கதாநாயகன் ஆர்ச்சர் பெரிய சூரன். அதைவிடப் பெரிய தற்பெருமைக்காரன். துப்பாக்கிக்கு அஞ்சான், ஆனால் தாய்க்கு அஞ்சுவான். அவன் வேலை செய்யும் உளவு நிறுவனத்தின் தலைவியே அவனைப் பெற்ற தாய். தந்தை இன்னார் என்று அவனுக்குத் தெரியாது. தாய் தன் தொழிலே கதி என்று திரிந்தமையால், வீட்டு வேலைக்காரர் ஒருவரே அவனை வளர்த்தெடுத்தார். இப்படி வளர்ந்த பிள்ளை, "ஆண்மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று யாரைப் பார்த்துப் பழகினான்? திரையிலே தோன்றிய ஒரு நடிகரைப் பார்த்து.

அந்த நடிகர் கற்பனையல்லர். பேர்ட் ரெனால்ட்ஸ் என்பவர். 1936ஆம் ஆண்டு பிறந்து 2018ஆம் ஆண்டு மறைந்தவர். அடர்ந்த மீசையும் குறும்புச் சிரிப்புமாக, காரை அம்புபோல ஓட்டும் வீரனாக, 1970களிலே அமெரிக்கத் திரையை ஆண்டவர். நமது பாட்டன்மார்க்கு எம்.ஜி.ஆர். எப்படியோ, அந்நாட்டு இளைஞர் பலர்க்கு அவர் அப்படி. 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பகுதியிலே, அந்த நடிகரே தமது சொந்தக் குரலில், தாமாகவே தோன்றுகின்றார். "ஜூப்பிட்டரிலிருந்து வந்த மனிதர்" என்பது அப்பகுதியின் பெயர். ஜூப்பிட்டர் என்றால் வியாழக் கிரகம் என்று எண்ணி நான் ஏமாந்தேன். புளொரிடா மாநிலத்திலே அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கின்றது. அதுவே அந்த நடிகர் வாழ்ந்த ஊர். வானத்து நட்சத்திரம் என்று நாம் நினைக்கும் எவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்துதான் வந்திருக்கின்றார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதைக்கு வருவோம். ஆர்ச்சர் ஒரு மதுச்சாலையிலே தன் இலட்சிய புருஷரை நேருக்கு நேர் காண்கின்றான். அவ்வளவு பெரிய சூரன் பள்ளிப்பிள்ளைபோலத் துள்ளுகின்றான். சிறுவயதிலிருந்து படங்களிலே பார்த்து உருகிய மனிதர் கைதொடும் தூரத்திலே நிற்கின்றார்! ஆனால் அந்தப் பேரானந்தம் சில நிமிடந்தான். அந்த மனிதர் அங்கு வந்தது இவனைப் பார்க்க அன்று. இவனுடைய தாயைச் சந்திக்க. அவ்விருவரும் ஒருவரையொருவர் விரும்பிப் பழகுகின்றார்கள். அவ்வளவுதான், பக்தி பகையாகின்றது. தன் தாயிடமிருந்து அந்த மனிதரைப் பிரிப்பதற்கு ஆர்ச்சர் செய்யும் கூத்துகள் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவை. அதே வேளையில் கியூபாவிலிருந்து வந்த கொலையாளிகள் ஆர்ச்சரைக் கொல்லத் துரத்துகின்றார்கள். திரையிலே கார் ஓட்டிப் புகழ்பெற்ற அந்த நடிகர், இங்கும் காரின் சுக்கானைப் பிடிக்கின்றார்.

விடுதி அறையில் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் விளக்கை அணைத்துப் படுத்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. ஏன் சிரித்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஆர்ச்சரிடத்திலே என்னையே கண்டேன்.

அவன் அந்த நடிகரிடம் விரும்பியது என்ன? அவர் ஒரு படமாகவே இருக்க வேண்டும். தான் பார்க்க வேண்டும். தனக்கு மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். அவர் பசி, ஆசை, உறவு உள்ள ஒரு மனிதராகத் தன் வீட்டு வாசலுக்கு வந்தவுடன் அவனால் தாங்க முடியவில்லை. இத்தனை வருட அன்பிலே அவன் தன்னை ஒரு சிறிதும் திருத்திக்கொள்ளவில்லை. பிறர்க்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போடவில்லை. மீசையையும் காரையும் மதுக்கிண்ணத்தையும் பார்த்துப் பழகினான், அவ்வளவே.

இனி என் கதையைச் சொல்லுகின்றேன். வெட்கத்தோடுதான் சொல்லுகின்றேன்.

எனக்கும் ஓர் இலட்சிய புருஷர் இருந்தார். அவர் ஒரு பாடகர், பெயர் வேண்டாம். அவருடைய பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். அவர் இலங்கைக்கு வந்தபோது நண்பர்கள் சேர்ந்து இரவுப் பயணம் செய்து போனோம். நுழைவுச்சீட்டுக்கு நான் கொடுத்த காசு, அம்மா ஒரு போக வேளாண்மையில் மிச்சம் பிடித்துத் தந்தது. நிகழ்ச்சி முடிந்தபின் பின்வாசலிலே மூன்று மணித்தியாலம் நின்றோம். அவர் வந்தார். நான் கைத்தொலைபேசியை உயர்த்தினேன். ஒரு படம் கிடைத்தது. அந்தப் படத்திலே நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கின்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காரில் ஏறுகின்றார். அவர்மேல் குற்றமில்லை. களைத்துப்போன மனிதர், உறங்கப் போகின்றார். குற்றம் என்னுடையது. இத்தனை ஆண்டுகள் நேசித்த ஒருவர் முன்னே நின்றபோது, அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் என்னிடம் இருக்கவில்லை. "உங்கள் பாட்டினால் நான் இன்னது செய்தேன்" என்று சொல்ல ஒரு காரியமும் இருக்கவில்லை.

அன்பர்களே! நான் கல்முனையிலே மிஷனரிமார் தொடங்கிய பள்ளியிற் படித்தவன். மாரிகாலத்திலே கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த நாட்களில், காற்சட்டையை மடித்துக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்துக் கடந்துபோய்ப் படித்தவன். அங்கே வேதபாட ஆசிரியை சொன்ன ஒரு கதை இன்றும் என் மனத்தில் நிற்கின்றது. சைவப் பிள்ளைகள் அவ்வகுப்பில் இருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை; கதை கேட்கும் ஆசையால் நான் இருந்தேன்.

எரிகோ என்னும் ஊரிலே சக்கேயு என்றொருவன் இருந்தான். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவன், பெரும் பணக்காரன், ஊரார் வெறுத்த மனிதன். இயேசுநாதர் அவ்வழியே வருகின்றார் என்று கேட்டு அவரைக் காண விரும்பினான். ஆளோ குள்ளன், கூட்டமோ பெரிது. என்ன செய்தான்? வெட்கத்தை விட்டு ஓடிப்போய் ஒரு காட்டத்தி மரத்திலே ஏறிக்கொண்டான். இன்று நாம் கட்அவுட் கம்பத்தில் ஏறுவதுபோலத்தான்! இயேசுநாதர் அந்த மரத்தடிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். அவனைப் பெயர்சொல்லி அழைத்தார். அன்று அவன் வீட்டிலேயே தங்கப்போவதாகச் சொன்னார். இறங்கி வந்த சக்கேயு, தன் சொத்திலே பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமேனும் அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் கூறினான்.

ஆர்ச்சரின் வீட்டுக்கும் அவனுடைய இலட்சிய புருஷர் வந்தார். சக்கேயுவின் வீட்டுக்கும் வந்தார். ஒருவன் கோபங்கொண்டான், மற்றவன் பணப்பெட்டியைத் திறந்தான். வேறுபாடு வந்தவரிடத்திலா இருந்தது? வரவேற்றவனிடத்தில் அன்றோ இருந்தது!

"தம்பி, மிஷன் பள்ளிக் கதையைச் சொல்லிவிட்டாய், நமது நூலிலே இது இல்லையா?" என்று பின்வரிசையிலிருக்கும் பெரியவர் கேட்பது எனக்குத் தெரிகின்றது. இருக்கின்றது ஐயா! அதுவும் சக்கேயுவின் கதையைவிடச் சுவையாக இருக்கின்றது. சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்திலே பாடிவைத்த அப்பூதியடிகள் கதை அது. சிறுவயதில் சமயபாடத்திலே பரீட்சைக்காகப் பாடமாக்கினோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். இன்றைக்கு அதை வேறு கண்ணாற் பார்ப்போம்.

சோழநாட்டிலே, திருவையாற்றை அடுத்துள்ள திங்களூரிலே வாழ்ந்தவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசு நாயனாருடைய பெருமையைக் காதாற் கேட்டாரேயன்றி, அவரைக் கண்ணாற் கண்டவரல்லர். அக்காலத்திலே படமா, பத்திரிகையா, கைத்தொலைபேசியா? எதுவும் இல்லை. ஆயினும் அவர் கொண்ட பக்தி எப்படிப்பட்டது? மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு என்று பெயர். இளைய மகனுக்கும் அதே பெயர். வீட்டிலுள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும் அப்பெயர். இது வரைக்கும் கேட்டால் நமது ரசிகர் மன்றம் போலத்தான் தோன்றும். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. வழிப்போக்கர் தங்க மடம் கட்டினார், குளம் தோண்டினார், சோலை வளர்த்தார், வெயிலில் நடந்து வருவோர் தாகந்தீரத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அவை எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசர் பெயரையே இட்டார்.

ஒருநாள் திருநாவுக்கரசரே அவ்வழியால் நடந்து வருகின்றார். தண்ணீர்ப் பந்தலிலே தமது பெயர் எழுதியிருப்பதைக் கண்டு வியக்கின்றார். இதை வைத்தவர் யார் என்று விசாரித்து, அப்பூதியடிகள் வீட்டை அடைகின்றார். இங்கேதான் நாடகம்! "இவ்வளவு தருமம் செய்கின்றீர், உமது பெயரை எழுதாது வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?" என்ற கருத்தில் அவர் வினவுகின்றார். அப்பூதியடிகளுக்கு வந்ததே கோபம்! கல்லையே தெப்பமாகக் கொண்டு கடலிலே கரையேறிய பெரியவருடைய பெருமையை அறியாத மனிதரும் உண்டா, நீர் யார் என்று சீறுகின்றார். யாருக்காகக் கோபிக்கின்றாரோ அவரிடமே கோபிக்கின்றார்! நாவுக்கரசரோ, தாம் அந்தப் பெரியவர் என்று மார்தட்டவில்லை. பிற சமயத்திலே கிடந்து, சூலை நோயினால் இறைவன் ஆட்கொள்ள மீண்டுவந்த எளியவன் நான்தான் என்று தாழ்மையாகச் சொல்லுகின்றார். கேட்டவுடனே அப்பூதியடிகள் கைகள் தலைமேற் குவிய, கண்ணீர் பெருக, அவர் திருவடியில் வீழ்கின்றார்.

தம்பிமாரே, இக்காட்சியை ஆர்ச்சர் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் சிரிப்பு, இங்கும் சிரிப்பு. அங்கும் இலட்சிய புருஷர் எதிர்பாராது வருகின்றார், இங்கும் அப்படியே. அப்பூதியடிகள் தம் நாயகரின் முகத்தைக்கூட அறியாதவர். ஆகவே அடையாளங் காணவில்லை. ஆனால் நாயகர் அவரை அடையாளங் கண்டுகொண்டார். எதனால்? தண்ணீர்ப் பந்தலினால். நான் பின்வாசலில் நின்றபோது என்னை அடையாளங் காட்ட எதுவும் இருக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அப்பூதியடிகள் ஒரு வார்த்தையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தெருவோரத்திலே நின்ற பந்தல் அவருக்காகப் பேசியது.

அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். விருந்துக்கு வாழையிலை அரியப்போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. நாயனார் அமுதுசெய்வது தடைப்படுமே என்று பெற்றோர் அந்தத் துயரத்தை மறைத்தனர். உண்மையை அறிந்த நாவுக்கரசர் பதிகம் பாடி இறைவனை வேண்டினார். பிள்ளை உயிர் பெற்று எழுந்தான் என்பது வரலாறு. இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தப் பிள்ளையை எண்ணும். வீட்டுக்கு வந்த பெரியவர், தம்மைப் புகழ்ந்தவர்களின் விருந்தை உண்டுவிட்டு வாழ்த்திப் போய்விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார். பெரியவர் என்பதற்கு அதுவே அடையாளம் என்று எனக்குத் தோன்றுகின்றது.

"இதெல்லாம் புராணம், இந்தக் காலத்துக்கு ஒத்துவருமா?" என்று தம்பியர் சிலர் நினைக்கலாம். கல்முனையைத் தாண்டிச் சிறிது தூரம் தெற்கே போனால் காரைதீவு வருகின்றது. அங்கே 1892ஆம் ஆண்டு மயில்வாகனம் என்றொரு பிள்ளை பிறந்தது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பள்ளிகளிலே படித்த பிள்ளை. அவரே பின்னாளில் நாம் போற்றும் விபுலாநந்த அடிகளானார்.

அடிகளின் வாழ்க்கையை இன்றைய தலைப்போடு வைத்து எண்ணிப் பார்த்தேன். சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரியிலே கொழும்பில் வந்து இறங்கியபோது மயில்வாகனம் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தை. 1902ஆம் ஆண்டு சுவாமிகள் மறைந்தபோது பத்து வயதுச் சிறுவன். ஆகவே தம் வாழ்வை மாற்றிய மகானை அவர் நேரில் கண்டவரல்லர். பாரதியாரின் கதையோ இன்னும் மனத்தை வருத்துவது. பாரதியார் 1921ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சென்னையிலே, திருவல்லிக்கேணியில் மறைந்தார். மயில்வாகனனார் இராமகிருஷ்ண மடத்திலே சேரச் சென்னை மயிலாப்பூருக்குப் போனது அடுத்த ஆண்டு, 1922இல். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அடுத்தடுத்த இடங்கள். சில மாதங்கள் முந்தியிருந்தால் கண்டிருக்கலாம், காணவில்லை.

காணவில்லையே என்று அவர் கலங்கிக்கொண்டா இருந்தார்? 1924ஆம் ஆண்டு துறவு பூண்டு விபுலாநந்தரானார். விவேகானந்தரின் நூல்களைத் தமிழிலே பெயர்த்தார். இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளை இந்நாட்டிலே நிருவகித்தார். 1929ஆம் ஆண்டு மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியரானபோது, பண்டிதர் பலர் பாரதியாரைப் பெருங் கவிஞராக ஒப்பத் தயங்கிய அக்காலத்திலே, அவருடைய பாடல்களைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோய்ப் பரப்பினார். இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆச்சிரமத்திலே, விவேகானந்தரின் ஊக்கத்தாற் பிறந்த "பிரபுத்த பாரத" என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய "யாழ் நூல்" 1947ஆம் ஆண்டு சூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

விபுலாநந்தர் விவேகானந்தரோடு நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றுமில்லை. பாரதியாரோடு எடுத்துக்கொண்ட படமும் இல்லை. சிவானந்த வித்தியாலயம் இருக்கின்றது. அது அவர் வைத்த தண்ணீர்ப் பந்தல். கற்ற பிள்ளைகள் எத்தனை ஆயிரம் என்று எண்ண முடியாது.

அன்பர்களே! நாவிதன்வெளிக்குத் திரும்பி வருவேன் என்று வாக்களித்தேன், வந்துவிட்டேன்.

ஆர்ச்சருக்குத் தந்தை இல்லை, தாய் அருகில் இல்லை, ஆகவே திரையிலே ஒரு நாயகனைத் தேடினான் என்று சொன்னேன். நமது ஊர்களிலே அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையா? 2009ஆம் ஆண்டு முடிந்த போர் நமது வீடுகளிலே விட்டுப்போன வெற்றிடங்களைப் பெரியோர்கள் என்னிலும் நன்றாக அறிவார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள், அம்மம்மாவோடு வளருகின்றார்கள். அந்தப் பிள்ளை ஒரு நடிகனைப்போலத் தலைமயிர் வெட்டினால் நாம் ஏசுகின்றோம். ஏசுவதற்கு முன்னே ஒன்று எண்ண வேண்டும்: அந்தப் பிள்ளை பார்த்துப் பழக வேறு யார் அருகில் நின்றார்கள்?

சென்ற வருட விடுமுறையில் நமது மன்றத்தின் மாலை வகுப்பிலே நான் கணிதம் படிப்பித்தேன். மூன்றே மூன்று கிழமை. அங்கே ஒரு சிறுவன் வந்தான். அவனும் அப்படித்தான் தலைமயிர் வெட்டியிருந்தான். பின்னங்களைக் கூட்டத் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பான். மூன்றாவது கிழமை, நான் சைக்கிளில் ஏறும்போது ஓடிவந்து கேட்டான்: "அண்ணா, நீங்க அடுத்த கிழமையும் வருவீங்களா?" "வருவன் தம்பி" என்றேன்.

நான் போகவில்லை. அந்தக் கிழமைதான் பாடகரைப் பார்க்கப் போனது. அதன்பின் பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அந்தச் சிறுவன் வகுப்பில் இல்லை. இடையிலே வருவதை நிறுத்திவிட்டான் என்றார்கள். வீடு தேடிப் போனேன், அம்மம்மா இருந்தார், அவன் கதவுக்குப் பின்னால் நின்றான், என்னோடு பேசவில்லை.

விடுதியிலே ஆர்ச்சரைப் பார்த்துச் சிரித்த அன்று எனக்கு உறக்கம் வராமற் போனதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். நான் ஒருவரைத் தேடி இரவெல்லாம் பயணம் செய்தேன். என்னைத் தேடி ஒரு பிள்ளை வாசலிலே நின்றது. பாடகர் வேறு பக்கம் பார்த்ததைப் பெரிய மனக்குறையாக வைத்திருந்தேன்; நான் வேறு பக்கம் பார்த்ததை அந்தப் பிள்ளை எப்படி எடுத்திருக்கும்?

ஆகவே, அங்கத்தவர்களே, நடிகரை நேசிக்க வேண்டாம், பாட்டுக் கேட்க வேண்டாம், கிரிக்கெட் வீரரைப் போற்ற வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இளமைக்கு ஒரு நாயகன் வேண்டும், அது இயற்கை. அப்பூதியடிகளுக்கே வேண்டியிருந்தது. நேசிக்கின்றவரின் பெயரால் ஒரு தண்ணீர்ப் பந்தல் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள். பிறந்தநாளுக்குப் பதாகை கட்டச் சேர்க்கும் காசிலே பாதியைக் கொண்டு, வகுப்புக்கு ஒரு கரும்பலகை வாங்கலாம். கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் நமது கரையோரத் தெருவால் நடக்கும் நாட்களில், தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதை நாம் அறிவோம். அங்கே குடிப்பவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று எவரும் கேட்பதில்லை. மாலை வகுப்பும் அப்படியே இருக்கட்டும். தாம்போதிக்கு அப்பாலும் இப்பாலும் உள்ள பிள்ளைகள், சைவப் பிள்ளையோ கிறிஸ்தவப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ, வந்து இருக்கட்டும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நல்ல இலட்சிய புருஷர் இல்லை" என்று நீங்கள் மனம் வருந்துவதைக் கேட்டிருக்கின்றேன். நாவுக்கரசர் விருந்துண்ட வீட்டிலே "பிள்ளை எங்கே?" என்று கேட்டதுபோல, நீங்களும் வீதியிலே காணும் பிள்ளைகளைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டு, என்ன படிக்கின்றாய் என்று கேளுங்கள். விபுலாநந்த அடிகளின் படத்தைச் சுவரிலே மாட்டியிருக்கின்றோம். அவர் இன்று இம்மண்டபத்துள் நுழைந்தால் படத்துக்கு மாலை போட்டோமா என்று பாரார். மாலை வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள் வருகின்றார்கள் என்றே கேட்பார் என்று எண்ணுகின்றேன்.

இறுதியாக ஒரு யோசனை. நமது மன்றத்து அங்கத்தவர்களிலே பல்கலைக்கழகத்திலும் கல்வியியற் கல்லூரியிலும் படிப்போர் பன்னிருவர் இருக்கின்றோம். எல்லோரும் எல்லாக் கிழமையும் ஊரில் நிற்க முடியாது. ஆனால் ஒருவர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தந்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் மூவர் நிற்பார்கள். ஒருவர் வரமுடியாவிட்டாலும் வகுப்பு நில்லாது. பிள்ளை கேட்கும் கேள்விக்குத் தனி ஒருவன் "வருவன்" என்று சொல்லிப் பொய்த்துவிடலாம். மன்றம் சொன்னால் பொய்க்கக் கூடாது. அட்டவணை ஒன்று எழுதிச் செயலாளர் அண்ணனிடம் கொடுத்திருக்கின்றேன். மாதத்தின் முதற் சனிக்கிழமைக்கு என் பெயரை எழுதியிருக்கின்றேன். மற்ற இடங்கள் வெறுமையாக இருக்கின்றன.

கூட்டம் முடிந்ததும் நான் அந்தச் சிறுவன் வீட்டுக்கு இன்னொரு முறை போகப் போகின்றேன். அவன் கதவுக்குப் பின்னால் நின்றாலும் பரவாயில்லை. எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிட்டு வருவேன்.